பெயருக்கு முன்னே நிற்கும் நாடு

மலேசியத் தமிழர் தம் பெருமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டும் பெயர்கள் பல உண்டு. அவற்றுள் ஒரு பெயர் மட்டும் இந்நாட்டையே தன் முன்னால் நிறுத்திக்கொண்டு உலகெங்கும் உலா வந்தது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வைத்து விற்பவரைக் கேட்டாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பாத்திரக் கடை நடத்துபவரைக் கேட்டாலும், மலேசியா வாசுதேவன் யார் என்பதற்கு விடை உடனே வரும். “நம்ம ஊர்க்காரர்” என்பார்கள். என்ன செய்தார் என்று கேட்டால், பாடினார் என்பார்கள். பாடுவதற்கு முன்பு இங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கின்றது. வாசுதேவன் இம்மண்ணிலிருந்து புறப்பட்டபோது திரைப்படப் பின்னணிப் பாடகர் அல்லர். பாடத் தெரிந்த நாடக நடிகர். அவரை ஆக்கியது மலேசியத் தமிழ் நாடக மேடை. பாடகரைக் கொண்டாடுவதற்குச் செலவேதும் இல்லை. ஓர் ஒலிநாடா போதும், பின்னர் ஒரு குறுவட்டு போதும், இன்று ஒரு கைப்பேசி போதும். நடிகரைக் கொண்டாட வேண்டுமானால் அவர் நின்ற மேடை எங்கே என்ற வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். அவ்வினாவுக்கு அஞ்சியே மலேசியத் தமிழ்ச் சமுதாயம் நடிகரை மறந்துவிட்டுப் பாடகரை மட்டும் வைத்துக்கொண்டது என்று கூறினால் அது மிகையாகாது.

1944ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், மலாயா சப்பானியர் ஆட்சியின் கீழ்த் துன்புற்றிருந்த காலத்தில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் வாசுதேவன். அவருடைய வீட்டுமொழியைச் சுட்டிக்காட்டி, அவர் தமிழர்தாமா என்று முணுமுணுப்போர் இன்றும் ஓரிருவர் உளர். தமிழ் நாடகக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டபோது அவ்வாறு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வசனத்தைத் திருத்தமாகச் சொன்னாரா, பாட்டைச் சுதி விலகாமல் பாடினாரா என்பதே மேடை கேட்கும் கேள்வி. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் பட்டணத்து மண்டபங்களிலும் நாடகம் நடத்திய தலைமுறைக்கு வேறு கேள்வி தேவைப்படவில்லை.

அம்மேடை எத்தகையது என்பதை இளைய தலைமுறைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனிகள் விதைத்த விதை, தோட்டப்புறங்களில் உள்ளூர்ப் பயிராக முளைத்தது. பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் பிற்பகலில் ஒத்திகை பார்த்தார்கள். பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். ஒலிபெருக்கி பழுதானால் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி அடிவயிற்றிலிருந்து பேசத் தெரிந்திருக்க வேண்டும். விடுதலைக்கு முன்னும் பின்னும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, மக்கள் சிதறியதோடு மேடைகளும் சிதறின. எஞ்சியவர்கள் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் வந்து, பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு நாடகமுமாக வாழ்ந்தார்கள். வானொலி நாடகம் அவர்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடமாயிற்று. அவர்களுள் ரெ. சண்முகம் போன்ற ஒருவர், தம் கலைவாழ்வை ‘இந்த மேடையில் சில நாடகங்கள்’ என்ற நூலில் எழுதி வைத்தார். எழுதாமல் போனவர்களின் தொகையோ பெரிது.

அக்காலத்து மேடை நாடகங்களுள் ஒன்று ‘ரத்தப் பேய்’. பெயரைக் கேட்டு இன்று சிரிப்பவர் சிரிக்கட்டும். அந்த நாடகத்தை 1960களின் பிற்பகுதியில் திரைப்படமாக்கும் துணிவு மலேசியத் தமிழ்க் கலைஞர்களுக்கு இருந்தது. அதில் வாசுதேவன் நடித்தார். ஆக, கமல்ஹாசனுக்கோ ரஜினிகாந்துக்கோ குரல் கொடுப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவர் முகத்தில் ஒப்பனை ஏறியிருந்தது. அவர் முன்னால் படக்கருவி நின்றிருந்தது. இச்செய்தி எத்தனை பாராட்டுக் கட்டுரைகளில் ஒற்றை வரியாகக் கடந்து செல்கின்றது என்பதைப் படித்தவர் அறிவர்.

பிறகு சென்னை. அங்கே அவரை வரவேற்க எவரும் மாலையோடு காத்திருக்கவில்லை. இளையராஜா சகோதரர்களின் ‘பாவலர் பிரதர்ஸ்’ மேடைக் கச்சேரிகளில் பாடினார். கிடைத்த வாய்ப்புகளையெல்லாம் பற்றிக்கொண்டார். 1977இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ அவருக்கு வாசல் திறந்தது. அப்படத்தில் கமல்ஹாசன் ஏற்ற சப்பாணி, உலகறியாத வெள்ளந்தி. அவனுக்குப் பாடும்போது இனிமையாகப் பாடினால் மட்டும் போதாது. பாட்டின் உள்ளே அவன் நடை கேட்க வேண்டும், அவன் வாய் கோணுவது கேட்க வேண்டும். சங்கீத ஞானத்தைவிட மேடைப் பயிற்சி கைகொடுக்கும் இடம் இது. வாசுதேவன் பாடிய பாடல்களைக் கூர்ந்து கேட்போர், அவர் ஒவ்வொரு பாடலிலும் யாரோ ஒருவராக வேடம் கட்டி நிற்பதை உணர்வர். பாடகராக அவர் பெற்ற வெற்றியின் வேரும் நடிப்பிலேயே இருக்கின்றது.

இதை மெய்ப்பிக்க 1985ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு பாரதிராஜா இயக்கிய இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று ‘முதல் மரியாதை’. மற்றொன்று ‘ஒரு கைதியின் டைரி’. முதற்படத்தில் வாசுதேவன் திரையில் இல்லை; சிவாஜி கணேசனின் குரலாக இருந்தார். முப்பதாண்டுக் காலம் டி. எம். சௌந்தரராஜனின் கம்பீரக் குரலோடு சேர்த்தே தமிழர் கண்டு பழகிய முகம் சிவாஜியின் முகம். அம்முகத்துக்கு, முதுமை தொட்ட, உள்ளுக்குள் உடைந்துபோன ஓர் ஊர்ப் பெரியவரின் குரலை வழங்க வேண்டியிருந்தது. வாசுதேவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மண்வாசனையைச் சேர்த்தார். பையன்கள் கம்பெனியில் வளர்ந்த ஒரு நடிகருக்கு மலேசிய மேடையில் வளர்ந்த இன்னொரு நடிகர் துணைநின்றார் என்றே அதனைக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது படத்தில் அவர் குரலோடு உடலையும் கொண்டு வந்தார். சூரியப்பிரகாசம் என்னும் அரசியல் தலைவர் வேடம். கமல்ஹாசன் ஏற்ற டேவிட் அத்தலைவரைத் தெய்வமாக நினைப்பவன். அத்தலைவராலேயே டேவிட்டின் மனைவி சீரழிகின்றாள், உயிரை விடுகின்றாள். டேவிட் சிறை செல்கின்றான். நெடுங்காலம் கழித்துப் பழிவாங்கத் திரும்புகின்றான். இக்கதையில் யாருடைய வேடம் கடினமானது? பழிவாங்குபவனுக்கு மக்களின் இரக்கம் முன்கூட்டியே கிடைத்துவிடுகின்றது. கெட்டவனுக்கு அந்த வசதி இல்லை. அதிலும் இந்தத் தலைவர் தொடக்கத்திலேயே கெட்டவராகத் தெரிந்துவிட்டால், டேவிட் அவரை வணங்கியது மடமையாகப் போய்விடும்; படமே சரிந்துவிடும். நம்பத் தகுந்தவராகவும் இருக்க வேண்டும், நம்பியவன் ஏமாந்தது இயல்பே என்று தோன்றவும் வேண்டும். பின்பாதியில் ஆண்டுகள் கடந்து மூப்பெய்த வேண்டும். மூத்து வருபவர் அச்சத்தோடும் வாழ வேண்டும். அப்போது வாசுதேவனுக்கு வயது நாற்பது. அவர் அதனைச் செய்து காட்டினார். கண்ணை உருட்டவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. பேச்சின் நிறுத்தங்களில் வஞ்சகத்தை வைத்தார்.

அதே கதை மறு ஆண்டு, 1986இல், கே. பாக்யராஜின் இயக்கத்தில் ‘ஆக்ரி ராஸ்தா’ என்னும் இந்திப் படமாயிற்று. அமிதாப் பச்சன் கதைத்தலைவன். வாசுதேவன் ஏற்றிருந்த வேடத்துக்கு அங்கே யாரைத் தேடினார்கள்? மராத்தி நாடக மேடையில் ஊறிய சதாசிவ் அம்ராபூர்கரை. எண்ணிப் பார்க்க வேண்டிய ஒப்புமை இது. அம்ராபூர்கரைப் பற்றி எழுதும் மராத்தியர் எவரும் அவருடைய நாடக வாழ்வை விட்டுவிட்டு எழுதமாட்டார். மராத்தி மேடை அவருடைய தாய்வீடு என்பது அவர்களுக்குத் தெரியும். மலேசியத் தமிழர் வாசுதேவனைப் பற்றி எழுதும்போதோ தாய்வீட்டை விட்டுவிட்டுப் புகுந்தவீட்டைப் பாடுகின்றார்கள்!

‘முதல் வசந்தம்’ (1986) முதலாக அடுத்தடுத்து வந்த படங்களில் சிற்றூர்ப் பெரியமனிதர்களாகவும் கொடியவர்களாகவும் தோன்றினார்; ‘பூவே உனக்காக’ (1996) போன்ற படங்களில் குடும்பத்து மூத்தவராக வந்தார். ஏறத்தாழ 85 படங்களில் நடித்தார் என்பர். ‘நீ சிரித்தால் தீபாவளி’ என்ற படத்தை இயக்கவும் செய்தார். சில படங்களுக்கு இசையமைத்தார். எல்லா வேடமும் சிறந்த வேடம் என்று வாதிடுவது வெறும் முகத்துதி. சில படங்கள் மறக்கத்தக்கவை. சில வேடங்கள் பிழைப்புக்கானவை. குணச்சித்திர நடிகரின் தொழில் அத்தகையது. கதைத்தலைவன் தனக்கேற்ற கதையைக் கேட்டு வாங்கலாம். குணச்சித்திர நடிகர் கிடைத்த கதைக்குள் தமக்கோர் இடத்தைத் தோண்டிக்கொள்ள வேண்டும். இருபது வயது இளைஞராக இருந்தபோதே ‘நாம் இருவர்’ (1947) படத்தில் கிழவராக வந்து ஊரை நம்பவைத்த வி. கே. ராமசாமியிடம் அந்த ஆற்றல் இருந்தது. மேடையிலும் திரையிலும் ‘ரத்தக்கண்ணீர்’ தந்த எம். ஆர். ராதாவிடம் இருந்தது. இவர்கள் அனைவரும் மேடையின் பிள்ளைகள். தமிழ்நாடு அவர்களை நாடகத்தோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கின்றது.

இங்கே சிலர் ஒரு மறுப்பைக் கொண்டு வருவார்கள். சிற்றாறு கடலைத் தேடித்தானே ஓடும். பெரிய சந்தை சென்னையில் இருக்கும்போது கலைஞன் அங்கே போகாமல் என்ன செய்வான் என்பார்கள். போனதை யார் குறை கூறினார்? கோலாலம்பூரில் பிறந்த ரவிச்சந்திரனும் சென்றார். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) மூலம் ஒரே நாளில் கதைத்தலைவரானார். அவருடைய பெயருக்கு முன்னே எவரும் நாட்டை ஒட்டவில்லை. போனவர்களின் பின்னால் ஆறு வற்றிப்போனதே, அதுதான் குறை. கடல் பெரிதென்று சொல்லி ஊற்றைத் தூர்த்துவிட்டவர்கள், கடலில் கலந்த நீரைக் காட்டி எங்கள் நீர் என்கின்றார்கள்.

இங்கிலாந்தின் நிலையை எண்ணிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். லிவர்பூல் நகரில் ‘எவ்ரிமேன்’ என்று ஒரு நாடக அரங்கு. ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் 1964இல் தொடங்கப்பட்டது. பெரிய செல்வர்களின் அரங்கும் அன்று. தலைநகர் இலண்டனில் இருப்பதும் அன்று. 1970களில் அங்கே நடித்துப் பழகிய இளைஞர்களுள் ஒருவர் பீட் போஸ்ட்லெத்வெயிட். எடுப்பான அழகரல்லர், கன்ன எலும்பு புடைத்த முகம். ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ (1993) படத்தில் மகனோடு சிறையில் வாடும் தந்தையாக வந்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஹாலிவுட் அழைத்தது, போனார். ஆனால் 2008இல், வயது அறுபதைக் கடந்த பின், அதே லிவர்பூல் அரங்குக்குத் திரும்பி வந்து ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாக நின்றார். 2011 ஜனவரி 2ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் மறைந்த பின் அவ்வரங்கைப் புதுக்கிக் கட்டி 2014இல் திறந்தார்கள்.

ஏழு வாரங்கள் கழித்து, 2011 பிப்ரவரி 20ஆம் நாள், சென்னையில் வாசுதேவன் மறைந்தார். அவருக்கு வயது 66. பக்கவாதம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவரை மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் விலக்கியிருந்தது. உடல்நலத்தோடு இருந்த காலத்தில், திரையுலகில் புகழ் பெற்ற பின், அவர் தம் நாட்டில் ஒரு பெரிய நாடகத்தில் நடிக்க விரும்பியிருந்தால் எந்த அரங்கு அவரை அழைத்திருக்கும்? எந்தக் குழு அவருக்கொரு லியர் மன்னனையோ, ஓர் இராவணனையோ எழுதித் தந்திருக்கும்? இங்கே அவருக்கென்று காத்திருந்தது இசைநிகழ்ச்சி மேடை. ஒலிவாங்கி ஒன்றைக் கையில் கொடுத்துப் பழைய பாட்டைப் பாடச் சொல்லும் மேடை.

பணம் இல்லை என்று சொல்வார்கள். அந்தப் பொய்யை உடைக்க அதிகம் தேட வேண்டியதில்லை. தென்னிந்திய நடிகர் சங்கம் கடன்பட்டு நின்றபோது, 2000களின் தொடக்கத்தில், விஜயகாந்த் தலைமையில் நடிகர்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து கலைவிழா நடத்தினார்கள், கடன் தீர்ந்தது. மீண்டும் 2018 ஜனவரியில், சென்னையில் சங்கத்துக்குக் கட்டடம் எழுப்பும் பொருட்டு, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கில் நட்சத்திர விழா நடந்தது. சென்னை நடிகர்கள் தம் சங்கத்துக்காக உழைத்தார்கள், அதில் குற்றமில்லை. அவர்களுடைய ஒற்றுமை பாராட்டத்தக்கது. ஆனால், தியாகராய நகரில் எழும் நடிகர் மன்றத்துக்குச் செங்கல் வாங்கித் தந்த மலேசியத் தமிழர், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தம் சொந்த நடிகர்களுக்கென ஒரு நாடக இல்லத்தை எழுப்பாததற்கு வறுமையைக் காரணமாகச் சொல்வது எவ்வகையில் அடுக்கும்?

முயற்சியே இல்லை என்று சொல்வது நேர்மையன்று. பிரிக்பீல்ட்ஸில் 1981 முதல் இயங்கும் டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் நிலையம், ஆடலிலும் இசையிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வழிகாட்டியிருக்கின்றது. துன் சம்பந்தன் மாளிகையின் சோமா அரங்கில் எத்தனையோ விழாக்கள் நடக்கின்றன. பரதத்துக்குச் சலங்கை பூசை உண்டு, அரங்கேற்றம் உண்டு, அழைப்பிதழ் உண்டு. பெற்றோர் கடன் வாங்கியாவது நடத்துகின்றார்கள். மகன் நாடகத்தில் நடிக்கப் போகின்றேன் என்றால் அதே பெற்றோர், “அதில் என்ன வரும்படி?” என்கின்றனர். ஆட்டத்துக்குக் கிடைத்த குடும்ப மதிப்பு நடிப்புக்குக் கிடைக்கவில்லை. இதனைச் சாத்திரக் கலை, கூத்துக் கலை என்ற பழைய ஏற்றத்தாழ்வின் எச்சம் என்றே கருத வேண்டியிருக்கின்றது.

அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கலாம். மலாய்த் திரையுலகின் தொடக்கக் காலத்தில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன் முதலிய இந்தியர் பலர் இயக்குநர்களாக உழைத்தனர் என்பது வரலாறு. அவர்களிடம் தொழில் பயின்ற பி. ரம்லி 1973இல் வறுமையில் மறைந்தபோது மலாய்ச் சமுதாயமும் அவரை மறந்துதான் இருந்தது. ஆயினும், பின்னர் அது தன் தவற்றை உணர்ந்தது. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவகமாயிற்று. இன்று அங்கே செல்லும் மாணவர், அவர் பாடிய இசைத்தட்டை மட்டுமன்றி, அவர் வாழ்ந்த வாழ்வையும் ஆற்றிய தொழிலையும் காணலாம். வாசுதேவனை உருவாக்கிய நாடகத் தலைமுறைக்கு அத்தகைய ஓர் அறையேனும் இருக்கின்றதா?

2016இல் நடந்தவற்றை இணைத்துப் பார்த்தால் நோயின் ஆழம் தெரியும். அவ்வாண்டு ‘கபாலி’ வந்தது. மலேசியத் தமிழ் இளைஞரின் குண்டர் கும்பல் வாழ்வைப் பேசிய படம், இங்கேயே படமாக்கப்பட்டது, முதன்மை வேடங்களைத் தாங்கியவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. அதற்குச் சற்று முன்னர், 2015 இறுதியில், அதே நோயைப் பேசிய இன்னொரு படம் வெளிவந்திருந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எப்படி வழி தவறுகின்றான் என்பதை இந்நாட்டு நடிகர்களே, இந்நாட்டுத் தமிழிலேயே நடித்துக் காட்டினார்கள். 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்க முற்பட்டதற்கு எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது ‘ஜகாட்’டுக்குக் கிடைத்தது. நாட்டின் விருதை வென்ற படத்தின் நடிகர் ஐவரின் பெயரைத் தடையின்றிச் சொல்லக்கூடிய மலேசியத் தமிழர் எத்தனை பேர்? ‘கபாலி’யில் நடித்தவர்களைக் கேட்டால் குழந்தையும் ஒப்பிக்கும்.

அந்த நடிகர்களும் விமானமேறிச் சென்னைக்குப் போய், முகம் தெரிந்த பிறகு, பெயருக்கு முன்னே ‘மலேசியா’ என்று ஒட்டிக்கொண்டு வந்தால்தான் ஏற்றுக்கொள்வது என்று இச்சமுதாயம் முடிவு செய்திருந்தால், அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதுவேனும் நேர்மையாக இருக்கும்.

செய்யக்கூடிய வேலை ஒன்று உடனடியாக இருக்கின்றது. அதற்குப் பெரும்பொருளும் தேவையில்லை. 1960களில் வாசுதேவனோடு அதே மேடையில் நின்றவர்களுள், ஒப்பனை செய்துவிட்டவர்களுள், திரை இழுத்தவர்களுள், ஆர்மோனியம் வாசித்தவர்களுள் இன்னும் சிலர் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ராவாங்கிலும் பேரப்பிள்ளைகளின் வீட்டில் இருக்கக்கூடும். எந்த நாடகம் எங்கே நடந்தது, நுழைவுச்சீட்டு என்ன விலை, எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது என்பதெல்லாம் அவர்களுடைய நினைவில் மட்டுமே உள்ளன. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஒரு குறிப்பேட்டோடு அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும். அவர்களுக்கு இப்போது எண்பது வயது கடந்திருக்கும்.